உறுமியும் யூஸ்லீப்பும்

வணக்கம் அண்ணே,

நான் பட்டர்வொர்த்தில் பாலிடெக்னிக் மாணவன். பழகுவதற்காக சி மொழியில் ஒரு வீடியோ பிளேயர் எழுதுகிறேன். செகண்டுக்கு 25 ஃபிரேம் என்பதால், ஒவ்வொரு ஃபிரேமையும் காட்டியதும் நிரலைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் யூஸ்லீப் கட்டளையால் 40,000 மைக்ரோசெகண்ட் (40 மில்லிசெகண்ட்) தூங்க வைக்கிறேன். பினாங்குத் தண்ணீர்மலையில் எடுத்த தைப்பூச வீடியோவைப் போட்டால், ஒரே நிமிடத்தில் உறுமிச் சத்தம் முந்திவிடுகிறது. குச்சி அப்புறம்தான் விழுகிறது. கணக்கு சரிதானே, எங்கே பிசகு?

அன்புள்ள தம்பி,

கணக்கு சரிதான். தூக்கம்தான் சொன்னபடி கேட்காது. 40 மில்லிசெகண்ட் என்று நீங்கள் கேட்டால், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதை 'அதற்குக் குறையாமல்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் டைமர் வழக்கமாக 15.6 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் துடிக்கும். இடையில் எழ வேண்டியவர் அடுத்த துடிப்பு வரை படுத்திருப்பார். அதோடு, ஃபிரேமை டீகோட் செய்து (சுருக்கி வைத்ததைப் படமாக விரித்து) திரையில் போட ஆகும் நேரத்தை யார் கழித்தார்கள்? ஃபிரேமுக்கு 1 மில்லிசெகண்ட் கூடினாலே, நிமிடத்துக்கு 1,500 ஃபிரேமில் ஒன்றரை செகண்ட் போய்விடும். அதற்குள் உறுமியில் எத்தனை அடி விழும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே தூங்கும் நேரத்தை விட்டுவிட்டு, எழும் நேரத்தைச் சொல்லுங்கள். ஃபிரேம் எண்ணை 40 மில்லிசெகண்டால் பெருக்கித் தொடக்க நேரத்தோடு கூட்டினால், அந்த ஃபிரேமின் நேரம் வந்துவிடும். லினக்ஸில் கிளாக்_நானோஸ்லீப் என்ற தூக்கக் கட்டளைக்கு, 'இது எழும் நேரம்' என்று சொல்லும் டைமர்_ஆப்ஸ்டைம் கொடியோடு அதைக் கொடுங்கள். ஒரு ஃபிரேம் பிந்தினாலும் அடுத்தது பழைய கணக்குக்கே திரும்பிவிடும். யூஸ்லீப்பை யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2008 பதிப்பிலேயே நீக்கிவிட்டார்கள், நீங்களும் விட்டுவிடலாம்.

நேரத்தைக் கணினியின் எந்தக் கடிகாரத்தில் பார்ப்பது என்பதில் நான் பட்டிருக்கிறேன். என் பழைய லேப்டாப்பில் போர்டு பேட்டரி செத்துப்போய், போட்டவுடன் தேதி பல வருடம் பின்னால் நிற்கும். ஒரு நாள் படம் ஓடும்போதே வைஃபை கிடைத்து, தேதி சரியாகிவிட்டது. தேதியும் நேரமும் சொல்லும் கெட்டைம்ஆஃப்டேயை நம்பியிருந்த என் பிளேயர், பல வருடம் தாமதமாகிவிட்டதென்று நினைத்து, ஃபிரேம் ஃபிரேமாகத் தூக்கி எறிந்தது! முன்னோக்கி மட்டுமே எண்ணிக்கொண்டு போகும் கிளாக்_மோனோடோனிக் கடிகாரம் இப்படிக் குதிக்காது. தேதி அதற்குத் தெரியாது. (1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களையே அரை மணி முன்னால் தள்ளினார்களே, அது நேர மண்டல விவகாரம். கணினியின் உள் எண்ணிக்கையை அது தொடாது.)

இதோடும் தீராது. சவுண்ட் கார்டுக்கு நேரத்தை அளக்கத் தனிப் படிகம் உண்டு, அதன் செகண்ட் வேறு. லட்சத்தில் 5 பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 180 மில்லிசெகண்ட். ஒரு ஃபிரேம் விட்டுப்போனால் கண் பொறுத்துக்கொள்ளும். சத்தம் ஒரு நொடி அறுந்தால் காது விடாது. அதனால் ஆடியோ எவ்வளவு ஒலித்திருக்கிறது என்று கேட்டு, படத்தை அதன் பின்னால் நடக்க விடுங்கள். பாஸ் அழுத்தினால் ஆடியோவோடு கணக்கும் நின்றுவிடும்.

சத்தமே இல்லாத வீடியோ என்றால் மோனோடோனிக்தான் கதி. அப்போது பாஸில் நின்ற நேரத்தைத் தொடக்க நேரத்தோடு கூட்ட மறந்தீர்களானால், மறுபடி ஓட்டியதும் காவடிக்காரர்கள் மலையேற்றத்தை ஓட்டப் பந்தயமாக்கிவிடுவார்கள்.