கால்நடை மருத்துவர் சங்கத்தில் சேர்வதால் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை சந்தா தண்டம்தானா?

கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: படிப்பை முடித்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கிறார். வட்டாரச் சங்கத்தில் சேரச் சொல்லி ஆள் மாற்றி ஆள் போன் செய்கிறார்கள். போனால் அங்கே இருக்கப்போவது பக்கத்து எல்லைப் போட்டி டாக்டர்கள். அவர்களோடு உட்கார்ந்து பல்லைக் காட்டுவதற்குப் பணம் வேறு கட்ட வேண்டுமா என்கிறார்.

சேருங்கள். உங்களிடம் சொல்லப்பட்ட காரணங்களை எல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சேருங்கள். அந்தப் போட்டி டாக்டர்களுக்காகத்தான் சேரச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. நான் இப்போது எந்தச் சங்கத்திலும் பொறுப்பில் இல்லை. ஒரு காலத்தில் பயிற்சிக் குழுவில் இருந்தேன். அதுவும் வேறு ஆள் அகப்படாமல் என்னைப் பிடித்துப் போட்டதுதான். ஆள் பிடிக்க எழுதுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சங்கங்களைத் திட்ட என்னிடமும் நிறைய இருக்கிறது, கீழே திட்டியும் இருக்கிறேன்.

நான் தொழில் தொடங்கிய புதிதில் அடுத்த எல்லையில் ஒரு மூத்த டாக்டர் இருந்தார். பெயரைக் கேட்டாலே எனக்குப் பயம். அவரிடம் போய்க்கொண்டிருந்த சில வீடுகள் தூரம் என்று சொல்லி என் பக்கம் மாறியிருந்தன. என்றைக்காவது சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரை முதன்முதலில் நேரில் பார்த்தது சங்கத்தின் பயிற்சி நாளில். காலையில் ஒரு மருந்து நிறுவனத்துக்காரர் ஸ்லைடு ஸ்லைடாக ஓட்டிக்கொண்டிருந்தார். மூத்தவர் கடைசி வரிசையில் நன்றாகத் தூங்கினார்.

மதியம் செய்முறை வகுப்பு அவருடையது. அவர் கொண்டுவந்தது ஒரு நீளமான தலையணை உறை, உள்ளே ஒரு பந்து. உறையின் வாயை இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பந்து இருந்த பக்கத்தை ஒரு திருகு திருகினார். "கையை விட்டுப் பாருங்க. மடிப்பு எந்தப் பக்கமா சுத்திக்கிட்டு உள்ளே போகுது?" கர்ப்பப்பை முறுக்கைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டு கையை விட வேண்டும். துணி உள்ளங்கைக்குக் கீழே வளைந்து நெரிந்து போகும், விரல் ஒரு இடத்துக்கு மேல் நுழையாது. இடமா, வலமா? பாதிப் பேர் உத்தேசமாக ஒன்றைச் சொன்னார்கள். அவர் மறுபடி திருகினார். ஒருவரையும் விடவில்லை.

வெளியாட்கள் யாராவது படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பிரசவ நேரத்தில் சில சமயம் கன்றோடு சேர்த்துக் கருப்பையே சுழன்றுகொள்ளும். வழி அடைபட்டுவிடும். மாடு எழும், படுக்கும், முக்கும். வெளியே ஒன்றும் வராது. முறுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகப் படுக்க வைத்து, அதே திசையில் மாட்டைப் புரட்ட வேண்டும். உள்ளே கருப்பை நின்ற இடத்தில் நிற்க, உடம்பு சுழன்று போய் அதனோடு சேர்ந்துகொள்ளும், முறுக்கு அவிழும். திசையைத் தப்பாகக் கணித்தால் இன்னும் இறுகும். எருமையில் பெரும்பாலும் வலது முறுக்கு. அதற்காக உள்ளே கையை விடாமல் வலது என்று எழுதிவிட முடியாது.

அந்தப் பயிற்சி முடிந்து கொஞ்ச நாளிலேயே நடு ராத்திரியில் எனக்கு ஒரு எருமை வந்தது. கையை விட்டேன், மடிப்பு தெரிந்தது, வலது. படுக்க வைத்துப் புரட்டினோம். அவிழவில்லை. வெறுமனே புரட்டினால் சில சமயம் உடம்போடு கருப்பையும் சேர்ந்தே சுற்றிவிடும். அப்போது வயிற்றின் மேல் ஒரு நீளப் பலகையை வைத்து, அதன் மேல் ஒருவர் நின்று அமுக்கிக்கொள்ள, மற்றவர்கள் மெதுவாகப் புரட்ட வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் பலகையும் இல்லை, ஆளும் இல்லை. வீட்டில் வயதான கணவன் மனைவி இரண்டு பேர்தான். அதுவும், என் அதிர்ஷ்டம், அவரிடமிருந்து என்னிடம் மாறிய வீடுகளில் ஒன்று.

வேறு வழியில்லை, போன் செய்தேன். தூக்கக் குரலில் ஒரே கேள்வி. "எந்தப் பக்கம்?"

"வலது, சார்."

"உறுதியா?"

"உறுதி."

"சரி, தொந்தரவு பண்ணாம விடுங்க. வர்றேன்."

வண்டியின் பக்கவாட்டில் பலகையைக் கட்டிக்கொண்டு, கூடவே உதவியாள் ஒருவரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் சோப்புத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன், உள்ளே கையை விட்டுச் சரிபார்ப்பார் என்று. அவர் அதைத் தொடவே இல்லை. பலகையை வயிற்றின் மேல் வைத்து ஏறி நின்று, "சொல்லுங்கம்மா, எப்போ புரட்டணும்?" என்றார்.

புரட்டினோம். கையை விட்டுப் பார்த்தால் வழி திறந்திருந்தது. கன்று உயிரோடு வந்தது. வீட்டுக்காரப் பெரியவருக்குச் சங்கடம், பணத்தை யாரிடம் நீட்டுவது என்று தெரியவில்லை. "கேஸ் அவங்களோடது. நான் பலகை மேல நிக்க வந்த ஆளு," என்று சொல்லிவிட்டுப் பலகையைக் கழுவப் போய்விட்டார்.

ஒரு நல்ல மனிதர் உனக்கு வாய்த்தார், இதில் சங்கத்துக்கு என்ன பெருமை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அவர் ஏன் என் கணிப்பைச் சரிபார்க்கவில்லை? தலையணை உறைக்குள் என் கை என்ன செய்தது என்று அவர் பார்த்திருக்கிறார். நான் முன்பின் தெரியாத ஆளாக இருந்து, அந்த நேரத்தில் போன் செய்திருந்தால் எடுத்திருப்பாரா என்பதே சந்தேகம். வந்திருந்தாலும் முதலில் என்னை நகரச் சொல்லியிருப்பார், அதுவும் வீட்டுக்காரர் முன்னால். ஒரே வேலையைச் செய்கிறவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்க்கிற இடம் நம் தொழிலில் கல்லூரிக்கு அப்புறம் இல்லவே இல்லை. நாம் தனித்தனியாகத் தொழுவத்துக்கும் கிளினிக்குக்கும் போகிறோம், தனியாகத் திரும்புகிறோம். அடுத்த டாக்டரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவரிடம் கோபித்துக்கொண்டு வந்த வாடிக்கையாளர் சொன்னது. அவருக்கு நம்மைப் பற்றித் தெரிவதும் அதேதான்.

பயிற்சி எப்படி என்றும் கேட்பீர்கள். பெரும்பாலான சங்கங்களில் அது மோசம்தான், மறைக்க என்ன இருக்கிறது. ஸ்பான்சர் பிடித்தால் அரங்கம் கிடைக்கும், அரங்கம் கிடைத்தால் ஸ்பான்சரின் மருந்தைப் பற்றிக் கேட்டாக வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதிப் பேர் கார் நிறுத்துமிடத்தில் நிற்பார்கள். பிரிட்டனில் ஒரு கால்நடை மருத்துவர் ஆண்டுக்கு 35 மணி நேரம் தொடர் கல்வி காட்ட வேண்டும். 2022 முதல், கற்றதால் தன் வேலையில் என்ன மாறியது என்று யோசித்துக் குறித்து வைப்பதும் அங்கே கட்டாயம். மணிக்கணக்கு மட்டும் போதாது என்று அவர்களுக்கே பட்டிருக்கிறது. நான் பயிற்சிக் குழுவில் இருந்தபோது செய்த ஒரே காரியம், மதியத்தில் ஸ்லைடே கூடாது என்று அடம்பிடித்தது. நாய்க்கான சிபிஆர், அதாவது நின்றுபோன இதயத்துக்காக மார்பை அமுக்குவது என்றால் பொம்மை மேல் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு நிமிடம் விடாமல் அமுக்கிக் காட்டு, பிறகு போய்ச் சாப்பிடு. முதல் நிமிடம் முடிவதற்குள் மூச்சு வாங்கியவர்கள் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

ஆனாலும் போக வேண்டியிருக்கிறது. நாம் படித்தது பழசாகிக்கொண்டே இருக்கிறது, அது நமக்குத் தெரிவதும் இல்லை. வலிக்கும் வீக்கத்துக்கும் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போட்ட தலைமுறையைக் கேளுங்கள். மாட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கொத்துக் கொத்தாக விழுந்தன. பாகிஸ்தானில் செய்த ஆய்வு 2004-ல் வெளிவந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கு அதை 2006-ல் தடை செய்தன. மெலாக்சிகாம் என்ற வேறு வலி மருந்துக்கு மாறுங்கள் என்றார்கள். அதோடு முடிந்ததா? கீட்டோப்ரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்தும் கழுகைக் கொல்லும் என்று வந்தது. அதே இனத்து அசெக்ளோஃபெனாக் உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது என்று வந்தது. மருந்து விற்பனையாளர் இதையெல்லாம் உங்களிடம் வந்து சொல்வாரா? எனக்குச் சொன்னது கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்.

இன்னொன்று. மாட்டுக்குக் கன்று கலையச் செய்கிற புரூசெல்லா கிருமிக்கான தடுப்பூசி போடும்போது மாடு உதைத்து, ஒரு சக டாக்டரின் விரலில் ஊசி ஏறிவிட்டது. அது உயிருள்ள கிருமி இருக்கிற தடுப்பூசி, மனிதருக்கும் நோய் தரும். அவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டார். சில நிமிடத்தில் ஒரு அக்கா போனில் வந்து, "முதல்ல சோப்புப் போட்டுக் கழுவு. அப்புறம் அந்தக் குப்பியைக் கையோட எடுத்துக்கிட்டுப் போ, டாக்டர்கிட்ட லேபிளைக் காட்டு," என்றார். காரணம் இருக்கிறது. ஆர்பி51 வகைத் தடுப்பூசியில் இருக்கிற கிருமிக்கு ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் கேட்காது, எஸ்19 வகைக்குக் கேட்கும். எது என்று தெரியாமல் மருந்து எழுதக் கூடாது. ஆர்பி51 வழக்கமான ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. மனிதர்களைப் பார்க்கும் டாக்டருக்கு இது தினமும் வருகிற சங்கதி இல்லை. அந்த அக்காவுக்கு ஏற்கனவே ஊசி ஏறியிருக்கிறது, அதனால் தெரியும்.

இனி திட்டு. அரசுப் பணியில் இருப்பவர் ஒரு கட்சி, தனியார் ஒரு கட்சி. நாய் பூனை பார்ப்பவர்களுக்கு மாட்டு டாக்டர்கள் சாணி நாற்றம். மாட்டு டாக்டர்களுக்கு அவர்கள் ஏசி டாக்டர்கள். தேர்தல் வந்தால் கல்லூரி ஆண்டுவாரியாக அணி பிரிவார்கள். ஏப்ரல் கடைசி சனிக்கிழமை உலகக் கால்நடை மருத்துவ தினத்தன்று மட்டும் எல்லோரும் ஒரே பேனரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கணக்கு கேட்டால் அடுத்த பொதுக்குழுவில் என்பார்கள். இதெல்லாம் உங்கள் சங்கத்திலும் இருக்கும். இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன், இடம் கிடைத்திருக்கிறது. பல நாடுகளில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் இப்போது பெண்கள்தான் பெரும்பான்மை. அப்படியிருந்தும் சினைப் பரிசோதனைக்குத் தோள் வரை போடுகிற அந்த பிளாஸ்டிக் கையுறை யாருடைய கையை அளந்து செய்தது? என் விரல் முடிந்த பிறகும் கையுறையின் விரல் நீண்டு தொங்குகிறது. சினைப்பையில் இருக்கிற சின்ன மேட்டை விரல் நுனியால் தடவிக் கண்டுபிடிக்கிற வேலையில், நுனியில் ஒரு மடிப்பு பிளாஸ்டிக் சுருண்டு கிடந்தால் என்ன தெரியும்? விரல் பகுதியை வெட்டிவிட்டு, அதன் மேல் அளவான ரப்பர் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறேன். சின்ன அளவு கேட்டால் "அதெல்லாம் வராதும்மா" என்கிறார்கள். இதைச் சங்கக் கூட்டத்தில் எழுப்பினேன். தலைவர் தன் கையை விரித்துப் பார்த்துவிட்டு, தனக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்றார். தீர்மானம் நிறைவேறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உடனே ஆயுள் சந்தா கட்டிவிடாதீர்கள், அதற்குத்தான் வற்புறுத்துவார்கள். கேஸ் சொல்கிற மாலைக் கூட்டம் ஏதாவது நடந்தால் விருந்தாளியாக ஒரு தடவை போய் உட்காருங்கள். செத்துப்போன மாட்டைப் பற்றி, நாயைப் பற்றி யாராவது வாய் திறக்கிறார்களா என்று பாருங்கள். பிழைத்த கேஸ் மட்டும்தான் பேச்சில் வருகிறது என்றால் அங்கே யாரும் யாரையும் நம்பவில்லை. அப்படிப்பட்ட இடமாக இருந்தால் சந்தாவை மிச்சம் பிடித்துக்கொண்டு, அந்தப் போட்டி டாக்டரின் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். உங்களுடையதையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.