இடுப்பு மூட்டு மறு அறுவையும் இழப்பீட்டு வழக்கும்: கேள்வி பதில்

தக்கலை வாசகர்: ஐந்தாண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில் அம்மாவுக்கு வைத்த செயற்கை மூட்டைக் கழற்றி மாற்ற வேண்டும் என்கிறார்கள். வழக்கை அங்கேதான் தொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் அளிக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதால், நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே அணுகலாம். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. கழற்றும் மூட்டை உங்களிடமே ஒப்படைக்க வேண்டுமென்று அறுவைக்கு முன்பே மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். முதல் அறுவையின் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்ட ஸ்டிக்கரில் தயாரிப்பாளரின் பெயரும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) இருக்கும். அதன் நகலையும் கேளுங்கள். எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி.

மார்த்தாண்டம் வாசகர்: 25 லட்சம் ரூபாய் இழப்பீடு எனக்கும் கிடைக்குமா?

பதில்: அது 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட டீப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டைப் பற்றியது. மறு அறுவை செய்துகொண்ட 67 பேருக்கு அத்தொகையைத் தருவதாக 2019இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. உங்களுடையது எந்த மூட்டு என்பதை ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

குளச்சல் வாசகர்: வலி குறைய எதைச் சாப்பிடலாம்?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள்.

குலசேகரம் வாசகர்: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவருக்கு வழக்கே கிடையாது. நீங்கள் வீண் ஆசை காட்டுகிறீர்கள்.

பதில்: இதை அழுத்தமாக மறுக்கிறேன். நோயாளி ஒப்புக்கொண்டது அறுவையில் இயல்பாக நேரக்கூடிய ஆபத்துகளை மட்டுமே. உலோகத்தோடு உலோகம் உராய்ந்து, கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலந்து, சுற்றியுள்ள தசையை அழிக்கும்படியான வடிவமைப்புக் குறையை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கையின்மை ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்கிறது அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. ஆனால் எச்சரிக்கையை மருத்துவரிடம் முறையாகத் தெரிவித்துவிட்டோம் என்று அவர்கள் 87ஆம் பிரிவைக் காட்டக்கூடும். எனவே மருத்துவருக்கு என்ன எழுதி அனுப்பினார்கள் என்பதைக் கேட்டுப் பெறுவதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

குலசேகரம் வாசகர்: அப்படியானால் மறு அறுவை செய்த எல்லோருக்கும் இழப்பீடா?

பதில்: இல்லை. கிருமித் தொற்றாலோ, கீழே விழுந்ததாலோ மூட்டு தளர்ந்தால் அது கருவியின் குறையாகாது. இரண்டையும் பிரித்துக் காட்டவே கழற்றிய மூட்டு வேண்டும் என்கிறேன்.

இரணியல் வாசகர்: எங்கே புகார் அளிப்பது?

பதில்: தக்கலை வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கருங்கல் வாசகர்: புகார் அளிப்பதற்கான இரண்டாண்டுக் கெடு கடந்துவிட்டது.

பதில்: தாமதத்துக்குப் போதுமான காரணத்தை விளக்கித் தனி மனு சேர்த்தால், 69ஆம் பிரிவின்படி ஆணையம் ஏற்கலாம். இனியும் நாள் கடத்தாதீர்கள்.

அருமனை வாசகர்: கழற்றிய மூட்டை மருத்துவமனையே அப்புறப்படுத்திவிட்டது.

பதில்: வருந்துகிறேன். திசுப் பரிசோதனை அறிக்கை, இரு அறுவைகளின் குறிப்புகள், எக்ஸ்ரே படங்கள், இரத்தத்தில் உலோக அளவைக் காட்டும் அறிக்கை ஆகியவற்றை இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். பதிவேடுகளை மூன்றாண்டுகள் மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்பதே விதி.