எம்.எஸ்சி. முடித்தும் ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி மாணவருக்கான மாத உதவித்தொகை) கிடைக்கவில்லை. பிஎச்.டி., ஆராய்ச்சி வேலைக்கு வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. நானே அந்த வழியாக வந்தவள்தான்.

வேதியியல் எம்.எஸ்சி. முடித்து, ஜே.ஆர்.எஃப். பெறுவதற்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் கட்-ஆஃபுக்குக் கீழே. வீட்டில் பி.எட். படிக்கச் சொல்லிவிட்டார்கள். அப்போது கல்லூரி சீனியர் அக்கா ஒருவர், "சம்பளம் குறைவென்றாலும் பரவாயில்லை, ஏதாவது ப்ராஜெக்டில் சேர்ந்துவிடு. லேபை விட்டு மட்டும் வெளியே போய்விடாதே" என்றார்.

பேராசிரியர்களுக்கு டி.எஸ்.டி. (மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை) போன்ற அமைப்புகள் ஆய்வு நிதி கொடுக்கும்போது, ஆள் வைத்துக்கொள்ளவும் அதிலேயே பணம் இருக்கும். ப்ராஜெக்ட் அசோசியேட் வேலை அப்படி வருவதுதான். காரைக்குடி சிக்ரி (மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்), சென்னை சி.எல்.ஆர்.ஐ. (தோல் ஆய்வு நிறுவனம்), ஐ.ஐ.டி. மெட்ராஸ் என அந்தந்த நிறுவன இணையதளத்திலேயே விளம்பரம் போடுவார்கள். சிலவற்றுக்கு நெட் அல்லது கேட் (GATE) தேர்வில் தேர்ச்சி வேண்டும், சிலவற்றுக்கு எம்.எஸ்சி. போதும். வாரம் ஒருமுறை பாருங்கள், கெடு சீக்கிரம் முடிந்துவிடும்.

அப்படி ஒரு வேலைக்கு நான் போன நேர்காணலில் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்டை மட்டுமே துருவினார்கள். "இந்தக் கரைப்பானை ஏன் எடுத்தாய்?" என்ற ஒரு கேள்வியிலேயே பத்து நிமிடம் போனது. அதனால் உங்கள் ப்ராஜெக்டில் நீங்கள் கைவைத்த ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்து போங்கள்.

வேலை கிடைத்து, ஒன்றரை வருடம் அங்கே இருந்தேன். தினமும் ஸ்பெக்ட்ரம் பார்த்துப் பழகியதில், நெட் தேர்வில் முன்பு பயந்து விட்டுவிட்ட பார்ட் சி கேள்விகள் புரிய ஆரம்பித்தன. மூன்றாவது முறை ஜே.ஆர்.எஃப். கிடைத்தது. 2023 ஜனவரியில் உயர்த்தப்பட்ட தொகைப்படி, ஜே.ஆர்.எஃப்.-ஆக முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. சொந்தமாக ஃபெல்லோஷிப் கொண்டுவரும் மாணவரை கைடுகள் (பிஎச்.டி.யை வழிநடத்தும் பேராசிரியர்கள்) தயங்காமல் எடுத்துக்கொள்வார்கள்.

நெட்டை மட்டும் நம்ப வேண்டாம். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். இயற்பியல் என்றால் ஜெஸ்ட் (JEST) என்ற நுழைவுத் தேர்வை எழுதுங்கள். 2024 முதல் நெட்டில் 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்றொரு தகுதியும் உண்டு, அதில் ஃபெல்லோஷிப் கிடையாது. ஜெர்மனியில் பிஎச்.டி. பல இடங்களில் ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தரும் வேலையாகவே இருக்கிறது. அங்கே பேராசிரியருக்கு மெயில் அனுப்பும்போது, அவருடைய ஒரு பேப்பரையாவது முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கடைசியாக, நிறுவனத்தின் பெயரை விட கைடுதான் முக்கியம். எனக்கு ஒரு கட்டத்தில் ஐந்து மாதம் ஃபெல்லோஷிப் வரவில்லை. விடுதி வாடகைக்குத் தோழியிடம் கடன் வாங்கினேன். அந்த நேரத்தில் என் கைடு தானே அலுவலகத்துக்கு நடந்து கையெழுத்து வாங்கித் தந்தார். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. சேருவதற்கு முன் அந்த லேப் ஸ்காலர்களோடு ஒரு டீ குடியுங்கள். தீசிஸ் திருத்தம் எத்தனை நாளில் திரும்பி வருகிறது, ஐந்து வருடம் தாண்டியும் முடிக்காமல் இருப்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லத் தயங்கினால், வேறு லேப் பாருங்கள்.