வயிற்றுப்புண், மாரடைப்பு, டென்ஷன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் 17 ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவனாக, இருக்கிறேன். வயது 44. ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் காலையில் டீயும் பன்னும், மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு, இரவில் தலைவலிக்கு ஒரு வலி மாத்திரை என்றுதான் நாள் போகும். சென்ற மாதம் எண்டோஸ்கோப்பி செய்து வயிற்றுப்புண் என்றார்கள். டென்ஷனைக் குறைக்கச் சொல்லி, அமிலத்தைக் கட்டுப்படுத்த மாத்திரை எழுதித் தந்தார் மருத்துவர். என் அண்ணன் போன வருடம் 51 வயதில் மாரடைப்பில் இறந்தார். இரவு பத்து மணிக்கு மேல்வயிற்றைப் பிடிக்கிறது என்றவர், கேஸ்தான் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தார். விடியற்காலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவருக்கும் டென்ஷன்தான் காரணம் என்கிறார்கள். மனஅழுத்தம் மட்டுமே வயிற்றையும் இதயத்தையும் இப்படிக் கெடுக்குமா? வேலையை விட்டுவிடலாமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணனைப் பற்றிய வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த இரவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான் மருத்துவன் அல்லன். இந்நோய்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்ததையே எழுதுகிறேன்.

டென்ஷன் என்பது பொய்யான காரணம் அல்ல. ஆனால், நம்மிடையே அது மேற்கொண்டு எதையும் கேட்கவிடாமல் பேச்சை முடித்துவைக்கும் சொல்லாகிவிட்டது. வயிற்றுப்புண்ணின் வரலாறே இதற்குச் சான்று. 1980கள் வரை உலகெங்கும் மருத்துவர்கள் அதற்குக் கவலையையும் அமிலத்தையும் காரத்தையுமே காரணமாகச் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர், இரைப்பையின் சவ்வில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற நுண்ணுயிரிக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்றபோது அவர்களை நம்பியவர்கள் மிகச் சிலரே. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்ந்த திரவத்தைத் தாமே குடித்து, சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்து படுத்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று பெரும்பாலான வயிற்றுப்புண்களுக்கு இக்கிருமியோ வலி மாத்திரைகளோதான் காரணம். கிருமி இருந்தால் ஏறத்தாழ இரண்டு வார மருந்தில் அதை ஒழித்துவிட முடியும். ஒழிக்காமல் அமிலத்தை மட்டும் அடக்கினால், மாத்திரையை நிறுத்திய பிறகு புண் திரும்பி வரக்கூடும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த இரவு மாத்திரைதான் எனக்கு மிகவும் கவலை அளிக்கிறது. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் வலியைத் தூண்டும் பொருள் சுரப்பதைத் தடுக்கும்போது, இரைப்பைக்குக் காப்பாக இருக்கும் கோழைப் படலத்தைப் பேணும் பொருளையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. சரக்கு வாங்கும் பையரின் மின்னஞ்சலால் தலைவலி, தலைவலிக்கு மாத்திரை, மாத்திரையால் புண் என்று பார்த்தால், மனஅழுத்தம் உங்கள் வயிற்றை வந்தடைந்த வழி தெரியும். மனஅழுத்தம் வயிற்றை நேரடியாகத் தொடுவதும் உண்டு. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1890களின் இறுதியில் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, உணவுண்ட பூனையின் இரைப்பை அசைவை எக்ஸ்ரே வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்ட கணத்தில் அந்த அசைவு அப்படியே நின்றுபோனது. ஷிப்மென்ட் நாளில் சோறு இறங்காமல் நெஞ்சில் நிற்பதாக உங்களுக்குத் தோன்றினால் அது கற்பனையன்று.

இதயத்திலும் இவ்விரு வழிகளும் உண்டு. 1994 ஜனவரி 17 அதிகாலையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியை நிலநடுக்கம் உலுக்கிய அன்று, வழக்கமாக நாளொன்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்த திடீர் இதய மரணங்கள் 24 ஆகின. அச்சத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் பாய்ந்து ரத்த அழுத்தம் எகிறும்போது, ஏற்கெனவே கொழுப்புப் படிந்த ரத்தக் குழாயில் அந்தப் படிவு வெடித்து ரத்தம் உறையலாம். ஆனால் அந்தப் படிவு ஒரே இரவில் வந்ததன்று. புகை, சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, உட்கார்ந்தே கழியும் நாட்கள் ஆகியவை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்தது. 52 நாடுகளில் நடத்தி 2004இல் வெளியிட்ட இண்டர்ஹார்ட் ஆய்வும் மனஅழுத்தத்தை இவற்றோடு சேர்த்து ஒன்பது காரணங்களில் ஒன்றாகவே எண்ணியது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு பிறரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டு முன்னதாக வருவதையும் அது காட்டியது.

வேலையை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டன் அரசு ஊழியர்களை 1967 முதல் கவனித்துவந்த வைட்ஹால் ஆய்வில், பெரும்பொறுப்பு சுமந்த உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களே ஏறத்தாழ மூன்று மடங்கு இதய நோயால் இறந்தார்கள். புகைப்பழக்கம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தும் அந்த வேறுபாடு முழுமையாக மறையவில்லை. பின்வந்த ஆய்வு, தம் வேலையின் வேகத்தையும் முறையையும் தாமே தீர்மானிக்க இயலாத நிலையை ஒரு முக்கியக் காரணமாகக் கண்டது. ஆகவே உங்கள் மனம் பலவீனமானது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். கடனும் பிள்ளைகளின் படிப்பும் இருக்கும்போது வேலையை உதறுவது வேறொரு அழுத்தத்தையே தரும். ஒரு மணிக்குச் சாப்பிட எழும் உரிமையை முதலில் கேட்டுப் பெறுங்கள். அது சிறிய கோரிக்கை அன்று.

இனி உங்கள் அண்ணனைப் பற்றி. இதயத்தின் அடிப்பகுதிக்கு ரத்தம் தடைப்படும்போது வலி மேல்வயிற்றில் தெரிவது உண்டு. சோடா குடித்ததும் வரும் ஏப்பம், வாயு வெளியேறிவிட்டது என்று நம்பவைத்துவிடும். இதை அறியாதது அவருடைய பிழையன்று, உங்கள் வீட்டாரின் பிழையும் அன்று. ஆனால் நீங்கள் இப்போது வயிற்றுப்புண்காரர். உங்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் எளிதில் வரும். வழக்கத்துக்கு மாறான பிடிப்போடு வியர்வையோ மூச்சு வாங்குதலோ, தாடையிலும் கையிலும் வலியோ சேர்ந்தால், எந்த நள்ளிரவானாலும் 108ஐ அழைத்து ஈசிஜி எடுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள்: பைலோரி கிருமிக்கான பரிசோதனை நடந்ததா, வாரத்துக்கு எத்தனை வலி மாத்திரை விழுங்குகிறேன், அண்ணன் 51 வயதில் மாரடைப்பில் இறந்தார். மூன்றாவதைக் கேட்டால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு அளவுகளையும் அவர் பார்ப்பார். ஒருவேளை இதயத்துக்காக ஆஸ்பிரின் தர நேர்ந்தால், அதுவும் வயிற்றை அரிக்கக்கூடியது என்பதால், புண் இருப்பதை அவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். முடிவுகள் வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்