மாமா கொடுத்த பழைய கால்குலேட்டர் போதுமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் இந்த ஆண்டு பள்ளியில் ஏபி கால்குலஸ் என்னும் கல்லூரி நிலைக் கணிதப் பாடம் படிக்கிறாள். என் தம்பி கல்லூரி நாட்களில் வைத்திருந்த டிஐ-83 பிளஸ் கால்குலேட்டரைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறோம். வகுப்பில் பெரும்பாலோரிடம் வண்ணத்திரை கொண்ட டிஐ-84 பிளஸ் சிஇ இருக்கிறதாம். ஆசிரியரும் அதில்தான் செய்து காட்டுகிறாராம். தன் திரை வேறு மாதிரி இருப்பதால் பின்தங்கிவிடுவதாகச் சொல்கிறாள். புதியதற்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா.

ஏபி கால்குலஸ் தேர்வுக்குக் கால்குலேட்டர் நான்கு வேலைகளைச் செய்தால் போதும்: சார்பின் வரைபடத்தை வேண்டிய எல்லைக்குள் வரைவது, சமன்பாட்டின் தீர்வைக் காண்பது, ஒரு புள்ளியில் வகைக்கெழுவின் எண்மதிப்பையும் வரையறுத்த தொகையீட்டின் எண்மதிப்பையும் தருவது. 1999இல் வந்த டிஐ-83 பிளஸ் நான்கையும் செய்யும். 2015இல் வந்த சிஇ அவற்றையே இன்னும் வேகமாக, தெளிவான திரையில் செய்கிறது.

ஆனால் உங்கள் மகள் சொல்வது வெறும் ஆசை அல்ல. பழைய திரையில் 96க்கு 64 புள்ளிகள்தான். சிஇயில் 320க்கு 240. புதியதில் தொகையீட்டுக் குறி பாடப்புத்தகத்தில் உள்ளபடியே தோன்றும், கட்டங்களை நிரப்பினால் போதும். பழையதில் மேத் விசையை அழுத்தி, 9ஐத் தேர்ந்தெடுத்து, சார்பு, மாறி, கீழ் எல்லை, மேல் எல்லை என்று காற்புள்ளியிட்டு ஒரே வரியில் எழுத வேண்டும். வகைக்கெழுவுக்கு 8, அங்கே சார்பு, மாறி, புள்ளி. ஆசிரியரின் திரையைப் பார்த்து இதை யாராலும் ஊகிக்க முடியாது. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒரு மாலைப் பொழுதில் பத்துக் கணக்குகளைப் போடச் சொல்லுங்கள். கை பழகிவிடும்.

புதியது வாங்கினாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. x-இன் மட்டு மதிப்புக்கு 0 என்ற புள்ளியில் வகைக்கெழு கேட்டால், இரண்டு கால்குலேட்டர்களுமே 0 என்று விடை தரும். உண்மையில் அங்கே வகைக்கெழுவே கிடையாது. புள்ளிக்கு இருபுறமும் 0.001 தள்ளி மதிப்பெடுத்து, அவற்றுக்கு இடைப்பட்ட சாய்வைச் சொல்வதால் வரும் பிழை இது. விடையை நம்பலாமா என்று பார்க்கும் கண்ணை எந்த மாடலும் தராது. அதைப் பழக்குவதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. மேலும், தேர்வில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண் கால்குலேட்டரே அனுமதிக்கப்படாத பகுதிகளுக்கு. மீதிப் பகுதிக்கும், தேர்வு நடக்கும் புளூபுக் செயலியிலேயே டெஸ்மோஸ் என்னும் வரைபடக் கால்குலேட்டர் இருக்கிறது. அதை வீட்டில் இலவசமாகப் பழகலாம்.

எப்போது மாற்றலாம்? பேட்டரி மாற்றிய பிறகும் திரையில் கோடுகள் விட்டுப்போனாலோ, விசைகள் சரியாக அழுந்தாவிட்டாலோ மாற்றுங்கள். அப்போதும் முதலில் பள்ளியில் இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள். பல பள்ளிகள் தருகின்றன. இல்லையென்றால் நல்ல நிலையில் உள்ள பழைய டிஐ-84 பிளஸ் ஒன்று போதும். விலை கூடியதே சிறந்தது என்று எண்ணி, குறியீட்டு இயற்கணிதம் செய்யும் கேஸ் வகையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஏபி கால்குலஸில் அதற்குத் தடையில்லை, ஆனால் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான ஏசிடி அதை அனுமதிப்பதில்லை. 2025 ஆகஸ்ட் முதல், அதேபோன்ற இன்னொரு தேர்வான எஸ்ஏடியும் அனுமதிப்பதில்லை.

இன்றே செய்ய வேண்டியது, நான்கு ட்ரிபிள் ஏ பேட்டரிகளையும் மாற்றுவது. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியை அதே நேரத்தில் கழற்றாதீர்கள், சேமித்தவை அழிந்துவிடும். திரை மங்கலாக இருந்தால், செகண்ட் விசையைத் தட்டிவிட்டு மேல் அம்பை அழுத்திப் பிடியுங்கள். மோட் பகுதியில் கோண அலகாகப் பாகை இருந்தால் ரேடியனுக்கு மாற்றச் சொல்லுங்கள்.