பரங்கிக் கொடி வாடினால் மருந்து வாங்கும் முன் தூரைத் தோண்டிப் பாருங்கள்

உங்கள் கேள்வியில் இருந்து நான் புரிந்துகொண்டது இது: கொல்லையில் மூன்று குழிகளில் பரங்கி போட்டிருக்கிறீர்கள். கொடி நன்றாக ஓடி, பூ விடத் தொடங்கிய நேரத்தில் ஒரு குழி மட்டும் துவண்டு கிடக்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் விட்டும் நிமிரவில்லை. போன பட்டத்தில் அதே இடத்தில் கத்தரி இருந்தது. என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

மருந்தைப் பிறகு பார்க்கலாம். முதல் காரியமாக, அந்தக் குழிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். இலை துவள்கிறது என்றால் தண்ணீர் இலைவரை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் தெரியும். மண் காய்ந்திருந்தாலும் துவளும். மண்ணில் தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் துவளும். வேர் நன்றாக இருந்து, தண்டுக்குள் வழி அடைபட்டாலும் துவளும். மூன்றும் மேலே நின்று பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டாவது வகையில் நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு குடமும் கொடியை இன்னும் சீக்கிரம் கொல்லும்.

விடிந்ததும், வெயில் ஏறுமுன் போய்ப் பாருங்கள். பரங்கிக்கு முறம் மாதிரி இலை. பங்குனி, சித்திரை வெயிலில் அது வெளியே விடும் ஈரத்துக்கு வேரால் ஈடு கொடுக்க முடியாது. அதனால் உச்சிவேளையில் ஆரோக்கியமான கொடியும் தலையைத் தொங்கப் போடும், சாயங்காலம் தானாக எழுந்துகொள்ளும். காலை ஆறு மணிக்கு இலை விறைப்பாக நின்றால் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். தூரைச் சுற்றிச் சருகு மூடாக்கு போட்டு விட்டாலே போதும். விடியற்காலையிலும் துவண்டே கிடந்தால்தான் மேற்கொண்டு தேட வேண்டும்.

அடுத்து, தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஆள்காட்டி விரலை முழுதாக மண்ணில் விடுங்கள். உள்ளே பொடிமண்ணாக இருந்தால் மேலாகத் தெளித்த தண்ணீர் கீழே இறங்கவில்லை என்று அர்த்தம், நிதானமாக ஒரு முறை ஆழமாகப் பாய்ச்சினால் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். சேறாக இருந்து, புளித்த வாடையும் வந்தால் வேர் அழுகல். நீங்கள் விடும் தண்ணீர்க் கணக்கைப் பார்த்தால் எனக்கு இந்தச் சந்தேகமும் உண்டு. சல்லிவேர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவிப் பாருங்கள். அழுகிய வேரின் தோல் உறை கழல்வதுபோல் கையோடு வந்துவிடும், நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். நல்ல வேர் வெள்ளையாக, இழுத்தால் முறுக்கோடு நிற்கும்.

அப்படியே தூரில் மண்ணை விலக்குங்கள். மண்ணும் தண்டும் சேரும் இடத்தில் வெள்ளையாகப் பஞ்சு இழை படர்ந்து, அதில் கடுகு அளவில் பழுப்பு மணிகள் ஒட்டியிருந்தால் அது ஸ்கிளிரோஷியம் என்ற பூஞ்சாணம். அந்த மணிகள்தான் அதன் வித்து மாதிரி, மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். அந்த மேல்மண்ணை மணிகளோடு அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். உரக்குழியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.

இனி கத்தரிக்கு வருகிறேன். அந்த ஒரு வரியைப் படித்ததும் என் மனம் நேரே நூற்புழுவுக்குத்தான் போனது. வேர்முடிச்சு நூற்புழு கண்ணுக்குத் தெரியாது. கத்தரி, தக்காளி, வெண்டை, பூசணிக் குடும்பம் எல்லாமே அதற்கு விருந்து. வேர்நுனி வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், அது இருக்கும் இடத்தில் வேர் வீங்கும். ஒரு பெண்புழு சில நூறு முட்டை இடும், நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தலைமுறை. முதலில் கொடி மதியத்தில் மட்டும் வாடும், இரவில் தேறும். பூவும் பிஞ்சும் வந்து தேவை கூடும்போது தேறுவதும் நின்றுபோகும். பூ விடும் சமயத்தில் ஒரு குழி மட்டும் சாய்வது இதனாலும் இருக்கலாம். உறுதி செய்வது சுலபம். ஓரமாக ஒரு கைப்பிடி வேரைத் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். மணி கோத்த மாதிரி கணுக்கணுவாக வீங்கியிருக்கும். அவரை, தட்டைப்பயறு வேரில் செடிக்குத் தழைச்சத்து சேர்க்கும் பாக்டீரியா உண்டாக்கும் நல்ல முடிச்சு நகத்தால் கீறினால் தனியே உதிர்ந்துவிடும். இது உதிராது, வேரே தடித்திருக்கும்.

வேர் முடிச்சு இல்லாமல் கடிபட்டு, துளையாக இருந்தால் குற்றவாளி வேறு. கொடி இளசாக இருக்கும்போது இலையில் வட்ட வட்டமாக ஓட்டை போடும் செம்மஞ்சள் வண்டைப் பார்த்திருப்பீர்கள், சிவப்புப் பூசணி வண்டு. இலையில் இருப்பது தாய் மட்டும்தான். அது தூரை ஒட்டிய ஈரமண்ணில் முட்டையிடும். வெளிறிய மஞ்சள் புழு மண்ணுக்குள்ளேயே வேரையும் தூரையும் குடையும். விடியற்காலையில் இந்த வண்டு மந்தமாக இருக்கும், அப்போது கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வெயில் ஏறிவிட்டால் கிட்டப் போகுமுன் பறந்துவிடும்.

வேரும் தூரும் சுத்தமாக இருந்தால் மட்டும் தண்டைப் பாருங்கள். ஒரு கிளைக்கொடி மட்டும், அதுவும் ஒரு கணுவுக்கு அப்பால் மட்டும் வாடினால், அந்த இடத்தில் துளையும் ஈரமான மரத்தூள் போன்ற கழிவும் இருக்கிறதா என்று தேடலாம், உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கும். ஆனால் யூடியூபில் அமெரிக்கத் தோட்டக்காரர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு, வாடிய கொடியை எல்லாம் பிளேடால் கீறாதீர்கள். சுக்கினி என்ற பூசணி வகையை அங்கே அழிக்கும் அந்தக் குறிப்பிட்ட அந்துப்பூச்சி அமெரிக்கக் கண்டத்துக்காரன். இங்கே துளைப்பான் வகைகள் உண்டு என்றாலும், கொல்லைப் பரங்கி வாடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மண்ணைத்தான்.

ஒரு பக்கக் கொடியைத் தூருக்குக் கிட்டே அறுத்து நெடுக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் ப்யூசேரியம் வாடல் நோய். தண்ணீர் ஏறும் குழாய்க்குள்ளேயே பூஞ்சாணம் இருக்கிறது. அந்தக் கொடியைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம், வேரோடு எடுத்துவிடுங்கள்.

மற்றதற்கெல்லாம் கொடியைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது, பலர் இதை முயல்வதே இல்லை. பரங்கிக் கொடி கணுவுக்குக் கணு வேர்விடும். பழைய வேர் போனால் புது வேர் கொடுத்துவிட வேண்டியதுதான். துவளாத, பச்சையான கிளைக்கொடி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மண்ணிலேயே பழுது இருப்பதால் அதிலேயே புதைக்க வேண்டாம். பழைய பிளாஸ்டிக் பேசினோ சிமென்ட் சாக்கோ எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, வேறு இடத்து மண்ணும் நன்றாக மக்கிய எருவும் பாதிக்குப் பாதி நிரப்பி, கொடி ஓடும் வழியில் வையுங்கள். இரண்டு மூன்று கணுக்கள் அதன்மேல் படியும்படி கொடியை வளைத்து, அந்தக் கணுவில் இருக்கும் இலையை மட்டும் கிள்ளிவிட்டு, இரண்டு விரற்கடை மண் போட்டு, ஒரு ஓட்டுத்துண்டைப் பாரமாக வைத்துவிடுங்கள். ஈரம் காயாமல் தெளித்தால் போதும், ஊற்றக் கூடாது. பத்துப் பதினைந்து நாளில், இழுத்துப் பார்த்தால் கொடி அசையாது, வேர் பிடித்துவிட்டது. அதுவரை முதிர்ந்த இலைகளில் பாதியைக் கழித்துவிட்டு, மதிய வெயிலுக்கு ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வையுங்கள். சிறு பிஞ்சுகளையும் பறித்துவிட வேண்டும். மனசு கேட்காதுதான், ஆனால் பிஞ்சை வைத்துக்கொண்டு கொடி பிழைக்காது. பிஞ்சைக் கூட்டு வைக்கலாம், துளிரைக் கீரையாகப் பொரிக்கலாம், மருந்து எதுவும் அடிக்காதவரைக்கும்.

மருந்துக்கடைப் பக்கம் போனால் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம், சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா இரண்டையும் எடுத்துக் கொடுப்பார்கள். நல்ல சரக்குதான், ஆனால் வருமுன் காப்பதற்கு. வாடிய கொடிக்கு ஊற்றிவிட்டு நிமிரும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த விதைப்புக்கு முன் எருவில் கலந்து ஈரச்சாக்கு மூடி வைத்து, குழியில் போடுங்கள். மிச்சம் இருக்கும் இரண்டு குழிக்கும் இப்போதே தூரைச் சுற்றி இடலாம். கந்தகத் தூள் கொடுத்தால் வாங்காதீர்கள், பூசணிக் குடும்பத்து இலை அதில் கருகும்.

நூற்புழுதான் என்று தெரிந்தால், அந்த இடத்தில் கொஞ்ச காலம் கத்தரி, தக்காளி, வெண்டை, கொடிக்காய் எதையும் வைக்காதீர்கள். செண்டுமல்லியோ எள்ளோ போடலாம். செண்டுமல்லியை ஓரத்தில் அழகுக்கு இரண்டு செடி வைத்துப் பிரயோசனமில்லை, அந்தப் பாத்தி முழுக்க நெருக்கமாக வளர்க்க வேண்டும். அல்லது சித்திரை வெயிலில் மண்ணைக் கொத்தி, நனைத்து, கண்ணாடி மாதிரி தெரியும் பாலித்தீன் விரிப்பால் ஓரம் விடாமல் மூடி நாலைந்து வாரம் விடுங்கள். கறுப்பு விரிப்பில் அவ்வளவு சூடு இறங்காது. பிறகு குழிக்குக் கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கை எருவோடு கலந்து, பத்து நாள் ஆறவிட்டு விதை ஊன்றலாம்.

மண்வெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடிய குழியைக் கொத்திய அதே மண்வெட்டியோடு அடுத்த குழிக்குப் போகாதீர்கள். கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டுப் போங்கள். வாடிய குழியின் தண்ணீர் நல்ல குழிப் பக்கம் வழியாமல் நடுவில் ஒரு வரப்பும் போட்டுவிடுங்கள். வேரை அலசியதும் முடிச்சா, அழுகலா, கடியா என்று மட்டும் கருத்தில் சொல்லுங்கள், அதற்கேற்ப மேலும் எழுதுகிறேன்.