துரும்பை எடுக்கலாமா, கூடாதா?

குடித்துவிட்டு ஒத்திகைக்கு வரும் பாடகர் குழுத் தம்பியிடம் பேசப்போனால், "நியாயந்தீர்க்காதே என்று இயேசு சொன்னாரே" என்று வாயை அடைத்துவிடுகிறார் என எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. அவர் பிடித்துக்கொண்டது மத்தேயு 7-இன் முதல் வசனத்தை மட்டும். ஐந்தாவதையும் வாசியுங்கள். உன் கண்ணின் உத்திரத்தை முதலில் எடு, அப்புறம் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகை தெரியும் என்கிறார். துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லவில்லை.

கண்ணில் தூசி விழுந்தவருக்கு எப்படி எடுப்போம்? கையைக் கழுவி, வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், மூச்சை அடக்கி இமையைத் தூக்குவோம். கலாத்தியர் 6:1-இல் தவறியவரைச் "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று பவுல் சொல்கிறாரே, அதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லேதான் மாற்கு 1:19-இல் யாக்கோபும் யோவானும் படவிலே வலையைப் பழுதுபார்த்ததற்கும் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நான் ஒருமுறை ஒருவரை எல்லோர் முன்னாலும் கண்டித்தேன். அடுத்த ஞாயிறு முதல் அவர் ஆலயத்துக்கே வரவில்லை. இன்றும் வலிக்கிறது.

அதனால் மத்தேயு 18:15 சொல்கிறபடி தனியாகப் பேசுங்கள். ஒத்திகை நாளில் வேண்டாம், அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலையில். முதலில் "என்னப்பா ஆச்சு?" என்று கேளுங்கள். குடியை நிறுத்த மருத்துவ உதவி தேவைப்பட்டால் நீங்களே கூடப் போங்கள்.